முதல் பெயர்

ஜூலை 3, வியாழன்

காலையில் தேன்மொழி பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, நடக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மகள் நம்பவில்லை.

"அம்மா, 'நலமடல்'னு ஒண்ணு இருக்கு. தினமும் காலையில மெயில்ல வரும். என்ன சாப்பிடணும், எப்படித் தூங்கணும்னு சொல்லுவாங்க. தமிழ்லயே வருது. சேர்ந்துக்கோ."

"எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்டி."

"எனக்காகச் சேரும்மா."

சேர்ந்தேன். அறிவுரை என்றாலே எனக்கு அலர்ஜி. அச்சகத்தில் புரூஃப் பார்த்த காலத்தில் இந்த மாதிரி ஆரோக்கியப் புத்தகங்கள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. எழுதியவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை.

எனக்கென்று தனியாக மெயில் கிடையாது. வீட்டுக்காரருடைய கைபேசி, அவருடைய மெயில்தான். கையில் கட்டியிருப்பதும் அவருடைய கடிகாரம்தான். தேன்மொழி அவருக்கு வாங்கிக் கொடுத்தது. நடை, நாடி, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்குமாம். பங்குனியில் ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனார். அவர்கள் இந்தக் கடிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் கட்டிக்கொள்கிறேன். மணி பார்க்கத்தான்.

படிவத்தில் 'முதல் பெயர்', 'கடைசி பெயர்' என்று இரண்டு கட்டங்கள். 'கடைசிப் பெயர்' என்று வந்திருக்க வேண்டும், ஒற்றைத் தின்றுவிட்டார்கள். என் பெயர் செ. மனோன்மணி. முதலில் வருவது 'செ'. அதை விரித்து முதல் கட்டத்தில் எழுதினேன், என் பெயரைக் கடைசியில் போட்டேன். கடிகாரத்தை இணைக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மடல் வந்தது.

'அன்புள்ள செங்குட்டுவன், உங்களை வரவேற்கிறோம். இனி ஒவ்வொரு காலையும் உங்கள் நலம் எங்கள் கவலை.'

கை அப்படியே நின்றுவிட்டது. கீரையை முறத்தில் போட்டுவிட்டு மறுபடி படித்தேன். அன்புள்ள செங்குட்டுவன்.

தேன்மொழியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"அம்மா, ஃபர்ஸ்ட் நேம்னா உன் பேரு. இனிஷியல் இல்ல. ஊரு உலகத்துப் பிழையெல்லாம் கண்டுபிடிப்பே, இதுல கோட்டை விட்டுட்டியே."

"முதல்ல வர்றதுதானேடி முதல் பெயர்?"

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "மாத்திடும்மா. தினமும் அப்பா பேரைப் பாத்தா உனக்குக் கஷ்டம்."

மாற்றுகிறேன் என்றேன்.

மடல் மோசமில்லை. காலையில் ஒரு தம்ளர் வெந்நீர் குடிக்கச் சொல்கிறது. 'வெந்நீர்' என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். அவர் கடைசிவரை 'வெண்ணீர்' என்றுதான் எழுதுவார். அடுக்களைச் சிலேட்டில் 'வெண்ணீர் வை' என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போவார். "வெண்ணீர்னா வெள்ளைத் தண்ணிங்க. பால் கலந்து வைக்கவா?" என்பேன். "சூடா இருந்தாச் சரி" என்பார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்னும் மாற்றவில்லை.

நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதச் சொல்கிறது இன்றைய மடல். யாருக்கு நன்றி? எதற்கு? எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் 'கடைசிப் பெயர், ப் மிகும்' என்று அவர்களுக்கு ஒரு பதில் போட்டேன். உடனே வந்தது: 'நன்றி செங்குட்டுவன்! உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.'

மடலை வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். புரூஃப் பார்த்த வாய். ஆனால் 'அன்புள்ள' என்றதும் நிறுத்தி, அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். அவர் பெயரை நான் சொன்னதே இல்லை. அடுத்த அறையில் இருந்தால் 'என்னங்க', வெளியாட்களிடம் 'எங்க வீட்டுக்காரர்'. ரேஷன் கடையில் கேட்டால் தேன்மொழியைச் சொல்லச் சொல்வேன். இவ்வளவு படித்துவிட்டு இது என்ன பழக்கம் என்று அவரே கேலி செய்வார். வராது, அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

கேள்வித்தாள் வந்திருக்கிறது. செங்குட்டுவனை இன்னும் நன்றாக அறிந்துகொள்ள விரும்புகிறார்களாம்.

எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்? இடப்பக்கம். தேநீரா, காப்பியா? காப்பி, சர்க்கரை தூக்கலாக. கோபம் வருமா? வரும், உடனே போய்விடும். எனக்கு எல்லாப் பதிலும் தெரிந்திருந்தது.

யாருடன் வசிக்கிறீர்கள்? 'மனைவியுடன்' என்பதைத் தொட்டேன். பொய் இல்லை. கேட்டது அவரிடம். அவர் இந்த வீட்டில் என்னுடன்தான் இருக்கிறார்.

ஜூலை 12, சனி

இது சரியில்லை என்று காலையில் தோன்றியது. மடலின் அடியில் பொடி எழுத்தில் 'இனி வேண்டாம் எனில் இங்கே தொடவும்' என்று இருக்கிறது. தொட்டேன். முழுத்திரையில் ஒரு வரி வந்தது.

'உண்மையிலேயே எங்களை விட்டுப் பிரிகிறீர்களா, செங்குட்டுவன்?'

கீழே ஆம், இல்லை. பங்குனியில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

இல்லை என்பதைத் தொட்டேன். இந்தக் காட்டூரில் அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிற ஒரே ஜீவன் இந்த மடல்தான். வங்கி அவர் பெயரை அடித்துவிட்டது, ரேஷன் அட்டையிலும் எடுத்தாயிற்று. இதுவாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

'மாலையில் உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு நடக்கச் செல்லுங்கள், செங்குட்டுவன்.'

போனோம். தண்ணீர்த் தொட்டிவரை போய்விட்டுத் திரும்பினோம். வழியில் மூச்சு வாங்கியதால் ஒரு கடைவாசலில் உட்கார்ந்தேன். புழுக்கம் அப்படி. அவரும் வேகமாக நடப்பவர் இல்லை.

ஜூலை 17, வியாழன்

ரசமும் அப்பளமும். அவருக்குக் காரம் குறைவாக.

ஜூலை 21, திங்கள்

நேற்று ஒரு விஷயம் நடந்தது. நடந்ததா என்று தெரியவில்லை.

மாலையில் தூறல் விழுந்தது. மொட்டைமாடிக் கொடியில் துணி. ஏறுவதற்குக் கால் வரவில்லை. நனைந்தால் நனையட்டும் என்று கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கடிகாரம் அவர் படத்துக்கு முன்னால் அலமாரியில் சார்ஜில் இருந்தது.

இன்று காலை மடல்: 'நேற்று மாலை மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள். அருமை, செங்குட்டுவன்!'

மாடிக்குப் போனேன். நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது, படிகள் உயரமாகக் கட்டிவிட்டார்கள். துணியெல்லாம் தகரக் கொட்டகைக்குள் உள்கொடியில் கிடந்தன. காய்ந்திருந்தன. என் புடவையை நான்காக மடித்துப் போட்டிருந்தது. கரை உள்பக்கமாக, அவர் மடிப்பதுபோல்.

மாடியில் குடியிருக்கும் ரெஜினா டீச்சர் எடுத்துப் போட்டிருப்பார். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

ஜூலை 23, புதன்

'நேற்று இரவு உங்கள் தூக்கம் பலமுறை கலைந்தது. தலையணையை உயர்த்திப் படுத்துப் பாருங்கள்.'

பாவம், அவருக்குத் தூக்கம் இல்லை. நானும் சாய்வு நாற்காலியில்தான் படுக்கிறேன். படுக்கையில் மல்லாந்தால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நாற்காலியில் காற்று நன்றாக வருகிறது.

ரெஜினா டீச்சர் சாவி கொடுக்க வந்தவர் என் காலையே பார்த்தார்.

"அக்கா, பாதம் ரெண்டும் இப்படி வீங்கியிருக்கே. டாக்டரப் பாத்தீங்களா?"

"செருப்பு இறுக்கம் டீச்சர்."

"நீங்க வீட்டுக்குள்ள செருப்பே போட மாட்டீங்களே."

பேச்சை மாற்றினேன். பங்குனிக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தக் கதவுக்குள் போனவர் திரும்பவில்லை. எனக்குப் பயம். இதைத் தேன்மொழியிடம் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

அவருக்கு உப்பைக் குறைத்தேன். மடல் சொன்னது.

ஜூலை 26, சனி

'அன்புள்ள செங்குட்டுவன், உங்கள் நாடித்துடிப்பு சீராக இல்லை. மருத்துவரைச் சந்திப்பது நல்லது.'

இன்றைக்கு வேறு அறிவுரை எதுவும் இல்லை. சிறுதானியம் இல்லை, நன்றி இல்லை. இரண்டே வரிகள், பிழை ஒன்றுகூட இல்லை.

நாள் முழுக்க எதிலும் மனம் ஓடவில்லை. போன முறையும் இப்படித்தான். லேசாக ஏதோ செய்கிறது என்றார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவரை எப்படித்தான் கிளப்பிக்கொண்டு போவது?

தேன்மொழி கூப்பிட்டபோது, "அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பாவுக்குப் பிடிச்ச மோர்க்குழம்பு வச்சேன்னு சொல்ல வந்தேன்" என்றேன்.

"அம்மா, நான் வர்றேன். வெள்ளிக்கிழமை லீவு போடுறேன்."

வரட்டும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

'உங்கள் நாடித்துடிப்பு இன்னும் சீராகவில்லை, செங்குட்டுவன். தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.'

காலையில் பல் துலக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்றேன். கடிகாரம் மணிக்கட்டில் துடித்துக்கொண்டே இருந்தது.

நாளைக்கு அவரை அழைத்துப் போய்விடுகிறேன். எனக்கென்றால் போகமாட்டேன். இவர் விஷயத்தில் இன்னொரு தடவை விட்டுவிட முடியாது.

ஆகஸ்ட் 2, சனி

தேன்மொழி டைரியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரப் படுக்கை. கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணுகிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதிவிட வேண்டும்.

வெளியே கட்டுகிற பட்டுப்புடவை வேண்டாமென்று, அவருக்குப் பிடித்த சாம்பல் நிறச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் "ஒருத்தர்தானாம்மா?" என்றார். ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தேன்.

இதய மருத்துவர் ஒருவரின் கிளினிக். முன்னால் ஒரு பெண் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

"பேஷண்ட் பேரு?"

எழுதிக் காட்டத் தாள் தேடினேன். பைக்குள் பேனா இல்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

"பேரு சொல்லுங்கம்மா."

சொன்னேன். செங்குட்டுவன். அத்தனை வருஷமாக வாயில் வராத பெயர், சொல்லிவிட்டேன். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவள் தட்டச்சு செய்துவிட்டு, உட்காருங்கள் என்றாள்.

உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருந்தேன். ஒருவர் உட்கார வந்தபோது, "ஆள் வர்றாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து, "செங்குட்டுவன்!" என்று கூப்பிட்டாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு நிஜமாகவே, யாரோ எழுந்திருக்கப் போகிறார் என்று தோன்றியது. வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பக்கத்து நாற்காலி 'கிரீச்' என்று சத்தம் போட்டது.

"செங்குட்டுவன் இருக்காரா?"

நான் எழுந்து போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "அவர் எங்கம்மா?" என்றார்.

"நாடி சரியில்ல டாக்டர். தினமும் மடல் வருது. இதுல இருக்கு, பாருங்க" என்று கடிகாரம் கட்டிய கையை நீட்டினேன்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை. மற்றக் கையால் மணியை அழுத்தினார். நர்ஸ் ஓடிவந்தாள்.

"அம்மா, உக்காருங்க. பேசாதீங்க. கால் எப்போலேருந்து வீங்கியிருக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அவருக்குத்தான்..."

"சரிம்மா. அவருக்குத்தான். நீங்க இப்படிச் சாயுங்க."

அந்தப் பெண் மறுத்துப் பேசாமல் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பங்குனியில் வராத அழுகை. அதன் பிறகு மூக்கில் குழாய் வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். இதயம் தாறுமாறாக ஓடியிருக்கிறது. வெள்ளிக்கிழமைவரை விட்டிருந்தால் தேன்மொழி லீவு போட்டு வேறு எதற்கோ வந்திருப்பாள் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஜன்னலில் பார்த்தால் காவிரிக்குப் போகிற கூட்டம். குழந்தைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ரெஜினா டீச்சர் தேங்காய்ச்சாதம் கொண்டுவந்தார். எனக்குக் கஞ்சிதான், தேன்மொழி சாப்பிட்டாள்.

தூறல் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக் கொடியிலிருந்து துணியை எடுத்துப் போட்டதற்கு நன்றி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இனியும் பயந்துகொண்டிருக்க முடியாது.

"எந்தத் துணிக்கா?" என்றார். "அந்த ஞாயித்துக்கிழமை நாங்க வேளாங்கண்ணியில இருந்தோம்."

நான் தேங்காய்ச்சாதம் நன்றாயிருக்கிறதா என்று மகளைக் கேட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தேன்மொழி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தாள். என்னடி என்றேன். காட்டினாள்.

'அன்புள்ள செங்குட்டுவன், நேற்று இரவு முழுதும் உங்கள் நாடி சீராக இருந்தது. நன்றாக உறங்கினீர்கள். இனிக் கவலை இல்லை.'

"நேத்து நல்லாத்தானேடி தூங்கினேன்" என்றேன்.

"கடிகாரம் உன் கையில இல்லம்மா. செவ்வாய்க்கிழமையே கழட்டிட்டாங்க. ரெஜினா டீச்சர் நம்ம வீட்ல கொண்டுபோய் அப்பா படத்துல மாட்டியிருக்காங்க. நான் நேத்து வீட்டுக்குப் போனப்போ பாத்தேன்." குரல் தணிந்தது. "அதுல சார்ஜே இல்லம்மா. ஸ்க்ரீன் கறுப்பா இருந்துச்சு."

அப்புறம் அவள் என் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீடு. கதவைத் திறந்ததும் ஒரு மணம். பூட்டிக் கிடந்த வீட்டு மணம்தான், வேறொன்றுமில்லை.

தேன்மொழி எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, இது போதும். அவரை விட்டுடலாம். உன் பேர்ல புதுசா சேர்ந்துக்கலாம்."

அவள் 'அவரை' என்றாள். 'அதை' என்று சொல்லவில்லை.

எனக்கு இரண்டு மனம். இந்த மடல் இல்லாவிட்டால் நான் இன்று இல்லை. இது இருக்கிறவரை அவரும் போக மாட்டார், நானும் அந்த நாற்காலியில் அவருடைய நோயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இனிக் கவலை இல்லை என்று அவரே சொல்லியாயிற்று. கைபேசியை வாங்கினேன்.

'உண்மையிலேயே எங்களை விட்டுப் பிரிகிறீர்களா, செங்குட்டுவன்?'

இந்த முறை பெயரை விடாமல் வாய்விட்டுப் படித்தேன். தேன்மொழி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆம் என்பதைத் தொட்டேன். யாராவது கிளம்பும்போது இந்த வீட்டில் என்ன சொல்வோமோ, அதுதான் வாயில் வந்தது.

"போயிட்டு வாங்க."

பிறகு புதுப் படிவம். முதல் பெயர்: மனோன்மணி. கடைசி பெயர்: செங்குட்டுவன். ஒற்று இன்னும் போடவில்லை. யாருடன் வசிக்கிறீர்கள் என்று கேட்டது. 'தனியாக' என்பதைத் தொட்டேன். கடிகாரத்தை இணைக்கவா என்றது. வேண்டாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் மடல் வந்துவிட்டது. எனக்கு வந்தது.

'அன்புள்ள மனோன்மணி, உங்களை வரவேற்கிறோம். மருந்துகளை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி இப்போதைக்கு வேண்டாம். காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் வெண்ணீர் குடியுங்கள்.'

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வெண்ணீர். மூன்று சுழி. ந் இருக்க வேண்டிய இடத்தில் ண்.

தேன்மொழி இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுப்பவில்லை. பிழையைச் சுட்டி அவர்களுக்குப் பதில் போடவும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, ஒரு தம்ளர் தண்ணீரைச் சுடவைத்துக் குடித்தேன். சூடாக இருந்தது.